வாப்பாவின் கேசட்டுகளில் பாடகர் பெயரே இல்லை: கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா?

கீழக்கரை ஜெ.:

போன மாதம் வெள்ளையடிப்பதற்காகப் பரணை ஒழித்தோம். உம்மாவே மறந்துபோயிருந்த ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே 43 கேசட்டுகள், பெரும்பாலும் 90 நிமிடத்தவை. வாப்பா 1977 முதல் 1992 வரை துபாயில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தவர். அவர் மௌத்தாகி நான்கு வருடம் ஆகிறது.

வாப்பாவுக்கு ஆங்கிலத்தில் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அதனால் ஒவ்வோர் அட்டையிலும் தனக்குத் தோன்றிய பெயரைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். "கடிகாரக் கடை", "நெருப்பு", "இரும்பு", "இரண்டு கிட்டார் பேச்சு", "பம்பாய்க்காரர்", "மழை". ஒன்றில் "இது ராத்திரிக்கு மட்டும்" என்று இருக்கிறது. பாடியவர் யார், எந்தக் குழு, ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பழைய டேப்பில் "நெருப்பு" கேசட்டைப் போட்டோம். இரண்டு நிமிடம் பாடியது. பிறகு நாடாவைத் தின்னத் தொடங்கியதால் நிறுத்திவிட்டோம். என் காக்கா (அண்ணன்) மகனுக்குப் பதினேழு வயது. அந்த இரண்டு நிமிடத்தைக் கேட்டுவிட்டு, "மாமி, இது கிளாசிக் ராக்" என்று துள்ளினான். முக்கோணக் கண்ணாடிக்குள் வெளிச்சம் புகுந்து ஏழு நிறமாக வெளியேறும் படம் போட்ட பனியன் ஒன்றை ராமநாதபுரம் சந்தையில் வாங்கி, அது சாயம் போகும்வரை போட்டுத் திரிந்தவன் அவன்.

இவற்றில் எது எந்தப் பாட்டு என்று ஊகிக்க முடியுமா? துபாய் போவதற்கு முன்பே வாப்பா சிலோன் ரேடியோவில் இங்கிலீஷ் பாட்டு கேட்பார் என்று உம்மா சொல்கிறார், அது நடக்கக்கூடியதுதானா? இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம்: ஒரு வார்த்தையும் புரியாத மனிதருக்கு இந்தப் பாட்டுகள் எப்படிப் பிடித்தன? அவருக்கு ஐம்பது வருடம் பிந்திப் பிறந்த பையனுக்கும் எப்படிப் பிடிக்கின்றன?

உப்பூர்வாசி:

எல்லாம் இப்போது கைப்பேசியிலேயே தெளிவாகக் கிடைக்கிறது சகோதரி. கேசட்டை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? நாடாவைத் தோட்டத்தில் கட்டினால் குருவியாவது வராமல் இருக்கும்.

மண்டபம் ரேடியோக்காரர்:

மகளே, முதலில் அந்தப் பக்கத்து வீட்டு டேப்பிடமிருந்து கேசட்டைக் காப்பாற்றுங்கள். உப்பூர்த் தம்பி, குருவிக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

மண்டபத்தில் 1979 முதல் 2006 வரை ரேடியோவும் டேப்பும் பழுது பார்த்தவன் நான். கடை போய்விட்டது, ஸ்குரூடிரைவர் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து எனக்கு வந்த பெட்டிகளுக்குக் கணக்கில்லை. வளைகுடாவிலிருந்து வந்த, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன்கள் எல்லாம் இரண்டு வருடத்தில் என் மேஜைக்கு வந்துவிடும். உப்புக்காற்று யாரையும் விடாது. மோட்டார் தண்டில் துரு ஏறும், பெல்ட் உருகித் தார் போல ஒட்டும். நாடா மாட்டிக்கொள்வதற்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர் உருளைதான். வழுவழுத்துப் போயிருக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால், கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் துடையுங்கள். ஒவ்வொரு கேசட்டையும் போடுவதற்கு முன்பு பென்சில் விட்டு மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். வாய்ப்பக்கம் செம்புத் தகட்டில் ஒரு சின்னப் பஞ்சுத்துண்டு ஒட்டியிருக்க வேண்டும். அது விழுந்திருந்தால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும்.

இப்போது விடுகதைக்கு வருகிறேன். உங்கள் வாப்பா எழுதியவை நல்ல பெயர்கள். கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர்களில் பாதி இவ்வளவு சரியாக இல்லை.

"கடிகாரக் கடை" பிங்க் பிளாய்டு என்ற குழு. 1973 மார்ச்சில் வந்த இசைத்தட்டு, "தி டார்க் சைட் ஆஃப் தி மூன்". அதில் காலத்தைப் பற்றிய பாட்டு, பத்துப் பதினைந்து கடிகாரம் ஒன்றாக அலறுவதில் தொடங்கும். ஆலன் பார்சன்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் ஒரு பழைய கடிகாரக் கடைக்குப் போய், ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகப் பதிந்து வந்து சேர்த்தது அது. உங்கள் வாப்பாவுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. காது சொல்லியிருக்கிறது, எழுதியிருக்கிறார். உங்கள் மருமகனின் பனியனில் இருப்பது இதே தட்டின் அட்டைப் படம். அதில் இருப்பது ஆறு நிறம், ஏழல்ல. எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

"நெருப்பு" டீப் பர்ப்பிள். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ ஊரில் பாட்டுப் பதிய வந்திருந்தார்கள். பதிவு நடக்கவிருந்த சூதாட்ட மாளிகை, அதற்கு முன் அங்கே நடந்த வேறொருவரின் கச்சேரியில் தீப்பிடித்து எரிந்துபோனது. புகை ஏரியின் மேல் பரவியதைப் பார்த்துக் கட்டிய பாட்டு அது. தொழிலுக்கு வந்த இடம் எரிந்துபோக, எரிந்ததையே பாட்டாக்கிவிட்டார்கள். "இரண்டு கிட்டார் பேச்சு" ஈகிள்ஸ், 1976இல் வந்தது, கலிபோர்னியா ஓட்டல் பாட்டு. கடைசி இரண்டு நிமிடம் பாட்டுக்காரர் ஓய்ந்துவிடுவார். டான் பெல்டரும் ஜோ வால்ஷும் கிட்டாரில் மாறி மாறிப் பேசி, முடிவில் இருவரும் ஒரே சொல்லைச் சேர்ந்து சொல்வது போல இறங்குவார்கள். "பம்பாய்க்காரர்" குயின் குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரி. பார்சிக் குடும்பம், பிறந்தது 1946இல் சான்சிபாரில், பள்ளிப்படிப்பு பம்பாய்ப் பக்கம் பஞ்ச்கனியில். துபாயில் உடன் வேலை பார்த்த பம்பாய் ஆள் யாராவது நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பார்.

"இரும்பு" பிளாக் சாபத், 1970. இதற்கு மட்டும் ஒரு கதை சொல்ல விடுங்கள். அந்தக் கிட்டார்க்காரர் டோனி அயோமி, பர்மிங்காம் நகரில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்த பையன். பதினேழாவது வயதில், வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளன்று, வலக்கையின் நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் இயந்திரம் நறுக்கிவிட்டது. அவர் இடக்கைக்காரர், ஆகவே தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோலை ஒட்டிக்கொண்டு வாசித்தார். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய தந்தி கட்டினார், அடுத்த வருடத் தட்டிலிருந்து தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் கீழே இறக்கினார். அந்தக் கனத்த சத்தம் அப்படி வளர்ந்தது. எங்கள் கரையில் வலை இழுக்கும் வின்சில் கயிறு சுற்றி விரல் போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். விசைப்படகில் ஓடிய ஒருவர், இரண்டு விரல் நுனி இல்லாதவர், ஒருநாள் கடையில் இந்தக் கேசட் ஓடும்போது நின்று கேட்டார். கதையைச் சொன்னேன். பதில் பேசவில்லை. போகும்போது கேசட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை திரும்பி வரவில்லை, கேசட்.

"மழை" எனக்கு இரண்டாகத் தெரிகிறது. சாபத் குழுவின் முதல் தட்டும் மழை, இடியோடுதான் தொடங்கும். 1971இல் வந்த டோர்ஸ் குழுவின் பாட்டு ஒன்றும் அப்படித்தான். மழையோடு கோயில் மணி கேட்டால் சாபத். மணி இல்லாமல், பாடுகிறவரின் குரலுக்கு அடியில் அவரே கிசுகிசுப்பது போலக் கேட்டால் டோர்ஸ். அதைப் பாடிய ஜிம் மாரிசன், தட்டு வந்த மூன்றாம் மாதம் பாரிஸில் இறந்துபோனார், வயது 27. "ராத்திரிக்கு மட்டும்" எது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. அது அவருக்கும் அவர் அறைக்கும் உள்ள விஷயம்.

சிலோன் ரேடியோ விஷயம் உம்மா சொல்வது சரி. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் படையினருக்காக நிறுவிய ஒலிபரப்பியோடு வளர்ந்த நிலையம் அது, 1949இல் ரேடியோ சிலோன் ஆனது. 1952இல் நம் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியதும் நாடே அந்தப் பக்கம் முள்ளைத் திருப்பியது. மற்ற ஊர்க்காரர்கள் தமிழ்ச் சேவைக்கும் இந்திச் சேவைக்கும் திருப்பினார்கள். நம் தனுஷ்கோடி முனையிலிருந்து இலங்கையின் தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர், நடுவில் உப்புத் தண்ணீர். மத்திய அலை, தரையைவிட உப்புத் தண்ணீர் மேல் நெடுந்தூரம் தேயாமல் வரும். திருப்பும்போது முள் தவறி ஆங்கிலச் சேவையில் விழுந்தவர்கள் பலர். என் தகப்பனாரின் மர்பி ரேடியோவில் நான் அப்படித்தான் விழுந்தேன். பீட்டில்ஸ் அமெரிக்காவில் கால் வைத்த வருடம் 1964 பிப்ரவரி என்று இசைப் பிரியர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் 1964 என்றால் டிசம்பர் மட்டும்தான். தனுஷ்கோடியில் இருந்த எங்கள் வீடு அந்த மாதம் 22ஆம் தேதி இரவுப் புயலோடு போயிற்று. உறவில் ஒரு கல்யாணத்துக்காக மண்டபம் வந்திருந்ததால் நாங்கள் இருக்கிறோம்.

உங்கள் முக்கியக் கேள்விக்கு என்னிடம் இருப்பது மெக்கானிக்கின் பதில். இந்தப் பாட்டுகள் மூன்றாம் பிரதியிலும் சாகவில்லை.

விளக்குகிறேன். தட்டிலிருந்து ஒருவர் கேசட்டில் பதிவார். அதிலிருந்து இன்னொருவர், அதிலிருந்து உங்கள் வாப்பா. ஒவ்வொரு பிரதியிலும் மேல்சுருதி கரையும், இரைச்சல் ஏறும். மூன்றாவது பிரதியில் வயலின் கூட்டமாக வாசித்தால் காற்றடிப்பது போலத்தான் கேட்கும். சொற்களும் மழுங்கிவிடும். ஆனால் நாலு சுரத்தில் கட்டிய ஒரு கிட்டார்த் துண்டு, அவர்கள் "ரிஃப்" என்பது, அப்படியே நிற்கும். மூன்று அங்குல ஸ்பீக்கரில் அடிநாதம் வராது. கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு 82 முறை அதிர்கிறது, அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தர முடியாது. ஆனால் உறுமவிட்ட கிட்டாரில் அதன் மேல்நாதங்கள் ஏராளமாக இருக்கும். காது அவற்றை வைத்துக் கணக்குப் போட்டு, இல்லாத அடிநாதத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். நான் இதைப் பழுது பார்க்கும் மேஜையில் தினமும் கேட்டிருக்கிறேன். செட் சரியாகிவிட்டதா என்று பார்க்க மெல்லிசைக் கேசட்டைப் போடுவேன். சரியாகாவிட்டாலும் வாடிக்கையாளரை அனுப்ப வேண்டும் என்றால் ராக் கேசட்டைப் போடுவேன். (கடை மூடியாயிற்று, இனிச் சொல்லலாம்.)

அந்த உறுமலே பழுதிலிருந்து பிறந்ததுதான். 1958இல் லிங்க் ரே என்பவர் ஸ்பீக்கர் தாளைப் பென்சிலால் குத்தினார். 1964இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் பிளேடால் கீறினார். எங்களிடம் வந்திருந்தால் "ஸ்பீக்கர் கிழிந்துள்ளது, மாற்ற வேண்டும்" என்று சீட்டெழுதியிருப்போம். லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962இல் பெரிய ஒலிபெருக்கி செய்து விற்கத் தொடங்கியிருந்தார், அவை எங்கும் பரவியபின் கிழிக்கும் வேலை மிச்சமாயிற்று.

இன்னொரு காரணமும் உண்டு. எல்.பி. தட்டு 1948இல் வந்தது, ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் பாடும். 1960களின் நடுவில்தான் இந்தப் பையன்கள், அந்த இருபது நிமிடத்தையும் ஒரே மூச்சாகக் கட்டலாம் என்று துணிந்தார்கள். கடிகாரக் கடைத் தட்டு இரண்டு பக்கமும் சேர்த்து 43 நிமிடம். 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் அப்படியே அடங்கும், இரண்டு நிமிடம் மிஞ்சும். பேட்டரி தீருமே என்று யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை. பிடித்ததும் பிடிக்காததும் வரிசையாகக் காதில் விழும். பிடிக்காதது ஆறு மாதத்தில் பிடித்துவிடும்.

டேப் சரியானதும் "மழை"யைப் போட்டுவிட்டு எழுதுங்கள். கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே வேறெதுவும் பதியக் கூடாது என்று நினைத்தவர்கள் அந்தப் பல்லை உடைத்துவிடுவார்கள், பக்கத்துக்கு ஒரு பல், ஓட்டையை அடைத்தால்தான் மறுபடி பதியும். உடைத்திருந்தால் அது அவருக்கு உயிர் என்று பொருள்.

தங்கச்சிமடம் பாடகர்குழு:

ரேடியோக்கார அண்ணன் சொன்னதோடு சுரக்கணக்கும் சேரட்டும். மாதா கோயில் பாடகர்குழுவில் இருபது வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். "நெருப்பு" பாட்டின் தொடக்கத்தைச் சுரமாகச் சொன்னால்: ச க ம, ச க மி ம, ச க ம க ச. சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம். மூன்றாவதாக எட்டிப் பார்க்கும் அந்த "மி" மட்டும் பிரதி மத்திமம், அதுதான் குசும்பு. அதை எடுத்துவிட்டுப் பஞ்சமமும் கைசிகி நிஷாதமும் சேர்த்தால் நம் சுத்த தன்யாசி ராகம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசைக்கு அடிப்படையான ஐந்து சுரமும் இவைதான். இரண்டுக்கும் ஒட்டுறவு இருந்ததாக நான் கதை கட்டவில்லை. ஆனால் நாட்டுப்பாட்டுக் கேட்ட காதுக்கு இது அந்நியமாக இருக்காது.

கிட்டாரை உறுமவிட்டால் ஒரு சிக்கல் உண்டு. ச, க, ப மூன்றையும் சேர்த்து மீட்டினால் கூழாகக் குழம்பும். காந்தாரத்தை விட்டுவிட்டு ச, ப இரண்டை மட்டும் மீட்டினால் எவ்வளவு உறுமினாலும் தெளிவாக நிற்கும். ராக் வாசிப்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் மீட்டுகிறார்கள். தம்பூராவில் காலகாலமாக இருப்பதும் அதே இரண்டு. ஒருமுறை பூசைக்கு முன் ஒலிபெருக்கியைச் சோதிக்கிறேன் என்று "நெருப்பு" தொடக்கத்தை வாசித்தேன். சாமியார் எட்டிப் பார்த்தார். "தாளம் சரியாக இருக்கிறது, இடம் தவறு" என்றார்.

திருப்புல்லாணி ஆசிரியர்:

மூவரும் உருகுகிறீர்கள், நடுவில் கல்லைப் போடுகிறேன். "கிளாசிக் ராக்" என்று எந்தக் குழுவும் தனக்குப் பெயர் வைத்துக்கொள்ளவில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண்பலை நிலையங்கள் சில, விளம்பரம் தருகிறவர்களுக்கு வேண்டிய வயதினரைப் பிடிக்கப் பழைய தட்டுகளையே திரும்பத் திரும்பப் போட்டபோது ஒட்டிய சீட்டு அது. அந்தச் சீட்டுக்குள் யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்பதைப் பாருங்கள். "ஹவுண்ட் டாக்" பாட்டை 1952இல் பதிந்தவர் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பெண். 1956இல் எல்விஸ் பாடியதைத்தான் உலகம் அறியும். ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் பெயரையே மடி வாட்டர்ஸ் என்ற கறுப்பினப் புளூஸ் பாடகரின் பாட்டிலிருந்து எடுத்தார்கள், அதையாவது ஒப்புக்கொண்டார்கள். லெட் செப்ளினின் புகழ்பெற்ற பாட்டொன்றில் தன் வரிகள் இருப்பதாகக் கறுப்பினப் புளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் 1985இல் வழக்குப் போட்டார். பிறகு சமரசம் செய்துகொண்டு அவர் பெயரையும் சேர்த்தார்கள். மூன்றாம் பிரதி பற்றி மெக்கானிக் ஐயா அழகாகச் சொன்னார். முதல் பிரதி யாருடையது என்றும் கேளுங்கள்.

மண்டபம் ரேடியோக்காரர்:

ஆசிரியர் ஐயா சொன்னது நியாயம். கல் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. ஜெ., உங்கள் மருமகனிடம் சக் பெரியையும் மடி வாட்டர்ஸையும் கேட்கச் சொல்லுங்கள். கிட்டாரை மின்சாரத்தில் கொளுத்தியவர்கள் அவர்கள். இங்கிலாந்துப் பையன்கள் பலர் அவர்களுடைய தட்டுகளை வாங்கிக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றார்கள், அவர்களும் அசலூரில் இருந்து காதால் பிடித்தவர்கள்தான். ஆனாலும் ஒன்று. பழையது என்பதற்காக மட்டும் போட்டிருந்தால் எல்லாப் பழையதும் நின்றிருக்க வேண்டும். அந்த வருடங்களில் வந்த தட்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு என் கடைக்கே வந்ததில்லை. வந்தவற்றிலும் பாதி அழுகை.

கீழக்கரை ஜெ.:

எல்லோருக்கும் நன்றி. ரேடியோக்கார ஐயா சொன்னபடி உருளையைத் துடைத்தோம். பஞ்சு ஏழு முறை கறுப்பாக வந்தது. எட்டாவது முறை "மழை"யைப் போட்டோம்.

மழை, இடி, பிறகு சின்ன மணிகளை உருட்டியது போல ஒரு பியானோ. கோயில் மணி இல்லை. குரலுக்கு அடியில் கிசுகிசுப்பு இருக்கிறது என்று மருமகன்தான் முதலில் பிடித்தான், எனக்கு இரண்டாம் முறைதான் கேட்டது. ஆக, டோர்ஸ். பனியன் விஷயமும் சரி பார்த்தாயிற்று, ஆறு நிறம்தான். அவனுக்குக் கொஞ்சம் கோபம்.

பல்லையும் பார்த்தேன். 43 கேசட்டில் பதினொன்றுக்கு மட்டும் இரண்டு பல்லும் உடைத்திருக்கிறார். "மழை" அதில் ஒன்று. ஆனால் அதில் ஒரு ஓரத்து ஓட்டையை மட்டும் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரித் துண்டு ஒட்டி அடைத்திருந்தது. பிளாஸ்திரி பழுப்பேறி, ஓரம் சுருண்டிருந்தது. திருப்பிப் போட்டோம். பி பக்கம் முழுக்க நாகூர் ஹனிபா.

உம்மாவிடம் கேட்டேன். தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "அந்தப் பக்கம் சும்மா இரைந்துகொண்டிருந்தது. பதிந்தேன்."